தடித்த காட்டுக் கத்தியின் முனையை மாற்றி, கறுப்புப் பூச்சையும் உரிக்கலாமா?

காடோடி

வணக்கம். 1095 கார்பன் எஃகில் செய்த கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலகு 13 செ.மீ.க்குச் சற்று மேல், முதுகுத் தடிமன் 6.3 மி.மீ., முதுகு மெல்ல வளைந்து இறங்கும் டிராப் பாயின்ட் முனை, மேலெல்லாம் சொரசொரப்பான கறுப்புப் பூச்சு. இரண்டு வருடமாக எங்கே போனாலும் இடுப்பில் இதுதான். விறகு பிளப்பதில் இதை அடித்துக்கொள்ள வேறு கத்தி இல்லை, முதுகில் கட்டையால் எத்தனை அடி அடித்தாலும் தாங்குகிறது. ஆனால் கூடாரத்துக்கு ஒரு முளைக்குச்சி சீவி அதில் கயிறு மாட்ட சின்னதாய் ஒரு பள்ளம் எடுக்கவேண்டும் என்றால் படாத பாடு படுத்துகிறது. பற்றவைக்க மரச்சீவல் எடுத்தால் சுருண்டு வராமல் துண்டு துண்டாக உடைந்து விழுகிறது. முனையும் ரொம்பத் தடிப்பு, துளை போட நினைத்தால் மரத்தை நசுக்குகிறது.

நினைத்திருப்பது மூன்று வேலை. முதுகின் முன்பக்கத்தை வெட்டிக் கிளிப் பாயின்ட் ஆக்குவது, பூச்சை முழுக்க உரித்து அமிலத்தில் போட்டுக் கருஞ்சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவது, முதுகின் விளிம்பை ஃபெர்ரோ கம்பி (சுரண்டினால் தீப்பொறி பறக்கும் கம்பி) உரசத் தோதாக்குவது. கையில் இருப்பவை ஆங்கிள் கிரைண்டர், இரண்டு தட்டை அரம், ஒரு வட்ட அரம், வைஸ், எல்லா எண்ணிலும் உப்புத்தாள். பூச்சில் தொடங்குவதா, வடிவத்தில் தொடங்குவதா? இந்தக் கத்தி மேல் எனக்கு ரொம்பப் பிரியம், கெட்டுப்போனால் மனசு ஆறாது, அதனால்தான் கை வைப்பதற்கு முன் கேட்கிறேன்.

பழைய பட்டறை

தம்பி, முதலில் அந்த ஆங்கிள் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1095 எஃகில் 0.9 முதல் 1.03 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அதை 800 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்துக்குக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, அப்புறம் அதைவிட மிகக் குறைந்த சூட்டில் மறுபடி சூடாக்கிக் கெட்டித்தன்மையைக் கொஞ்சம் இறக்கித்தான் இந்த வகைக் கத்திகளை ராக்வெல் அளவில் 56, 58 என்று நிறுத்துகிறார்கள். இதுதான் பதம். அலகின் எந்தப் பகுதியும் அந்தக் கடைசிச் சூட்டைத் தாண்டிவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிடும், ஆறிய பிறகு தானாகத் திரும்பி வராது. எஃகின் மேல் நிறம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் 220ஐத் தொட்டுவிட்டது, பழுப்பு என்றால் 260, ஊதா 280, நீலம் ஏறக்குறைய 300. கிரைண்டர் தட்டு மெல்லிய முனையில் பட்டால் இந்த நாலு நிறமும் கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. தட்டு எஃகைத் தேய்க்கும்போதே அந்த நிறத்தையும் தேய்த்து எடுத்துவிடும், நீங்கள் பார்க்கும்போது பளபளவென்று வெள்ளையாக இருக்கும், பதம் மட்டும் போயிருக்கும். ஒரு மாதம் கழித்து முனை மட்டும் ஏன் மடங்குகிறது என்று யோசிப்பீர்கள்.

அரமே போதும். நல்ல அரம் ராக்வெல் 62க்கு மேல் இருக்கும், உங்கள் கத்தி 57 என்று வைத்தாலும் கடிக்கும். மெதுவாகத்தான் கடிக்கும், பழைய மழுங்கின அரம் என்றால் வழுக்கிக்கொண்டு போகும், புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள்.

தாளும் அரமும்

பட்டறை அண்ணன் சொன்ன சூட்டு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வியே வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காடோடி, உங்கள் குறைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சீவல் உடைகிறது, பள்ளம் எடுக்க முடியவில்லை, இந்த இரண்டுக்கும் முனையின் வடிவத்துக்கும் சம்பந்தமே இல்லை. கூர்வாய்க்குப் பின்னால் இருக்கும் தடிப்புதான் காரணம். கூர் பிடித்த சாய்வு முடிந்து அலகின் பக்கம் தொடங்கும் இடம் இருக்கிறதே, அந்தத் தோள், அங்கே எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியர் வைத்து அளந்து சொல்லுங்கள். விறகு பிளக்கும் கத்திகளில் அங்கே 1 மி.மீ., சில சமயம் அதற்கும் மேலே விட்டுவிடுகிறார்கள், அடி தாங்கவேண்டும் என்பதற்காக. அதை 0.6க்குக் கொண்டுவந்தால் வேறு கத்தி பிடித்த மாதிரி இருக்கும், முனையைத் தொடவே வேண்டியிருக்காது.

கிளிப் பாயின்ட் பார்க்க அழகாக இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்காக மாற்றுகிறீர்களா, பார்வைக்காகவா என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள்.

காடோடி

அளந்தேன். பிடிக்குப் பக்கத்தில் 1.1, நடுவில் 1.1, முனையை ஒட்டி 1.3 மி.மீ. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. சும்மா கூர் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தாளும் அரமும்

அதேதான். கணக்கு எளிது. பக்கத்துக்கு 20 டிகிரியில் கூர் பிடித்தால், 1.1 மி.மீ. தடிப்புள்ள இடத்தில் கூர்ச்சாய்வின் அகலம் 1.6 மி.மீ. வரும். அதே 20 டிகிரியில் தடிப்பு 0.6 ஆனால் அகலம் 0.9 மி.மீ. தான். கோணத்தை மாற்றவில்லை, வாயின் வலுவும் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மரத்துக்குள் நுழையும் ஆப்பு பாதியாகிவிட்டது. சாணை பிடிக்கும் நேரமும் பாதி.

இதற்கு அலகின் முழுப் பக்கத்தையும் தேய்க்கவேண்டாம். அந்தத் தோளை மட்டும் கரைத்து மேலே சாய்வோடு கலந்துவிட வேண்டும், லேசாகப் புடைத்த கான்வெக்ஸ் வடிவில். செய்கிற விதம் இப்படி: பழைய மௌஸ் பேட் ஒன்றின் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். தோளிலிருந்து வாய் வரை கறுப்பு மார்க்கர் பூசிக்கொள்ளுங்கள். கத்தியைப் படுக்கவைத்து, வாய் பின்னால் வருமாறு இழுங்கள், எதிர்ப்பக்கம் தள்ளினால் தாள் கிழிந்து கையும் கிழியும். நாலு இழுப்புக்கு ஒரு முறை மார்க்கரைப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் எஃகு போகிறது. தோளில் மட்டும் அழிந்து, வாயை ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மிச்சம் இருந்தால் சரியான கோணத்தில் பிடித்திருக்கிறீர்கள். அந்தக் கோடும் அழிந்தால் கத்தியைக் கொஞ்சம் படுக்க வையுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடியாது, எனக்கு நாலு நாள் ஆனது, கட்டைவிரல் நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போனது, ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கத்தி சீவிய முதல் சீவல் காகிதம் போலச் சுருண்டு வந்து விரலில் சுற்றிக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை.

ஈரக்காடு

பூச்சு பற்றி ஒரு வார்த்தை. எதற்கு உரிக்கிறீர்கள் என்று யோசித்துவிட்டு உரியுங்கள். 1095இல் குரோமியம் கிடையாது என்றே சொல்லலாம், ஒரு ராத்திரி ஈர உறையில் கிடந்தால் காலையில் செம்மண் பூத்த மாதிரி துரு வந்துவிடும். நான் மழைக்காட்டில் வாரக்கணக்கில் தங்குகிறவன். அந்தக் கறுப்புப் பூச்சுதான் என் கத்தியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அமிலக் கறுப்பை ஏதோ கவசம் மாதிரி பலர் நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை. அது துருவுக்கு அண்ணன் முறை, இரும்பு ஆக்சைடுதான், மேக்னடைட் என்கிற கறுப்பு வகை. செந்துரு வருவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

தாளும் அரமும்

அது உண்மைதான், ஆனால் சொரசொரப்புப் பூச்சு மரத்துக்குள் போகும்போது பிடித்து இழுக்கும். விறகு பிளக்கும்போது ஆப்பு சிக்கிக்கொள்வதில் பாதிப் பங்கு அந்தப் பூச்சுக்கு உண்டு. அப்புறம் எப்படியும் வாயை ஒட்டிய பகுதியில் அது முதலில் தேய்ந்துவிடுகிறது, துரு பிடிப்பதும் அங்கேதான். தினம் துடைத்து எண்ணெய் தடவுகிறவர் என்றால் தாராளமாக உரிக்கலாம். துடைக்க மாட்டேன் என்பவர் உரிக்கக்கூடாது.

பழைய பட்டறை

நடுவழியும் ஒன்று இருக்கிறது. முதுகிலும் சாய்விலும் மட்டும் எடுத்துவிட்டு, மேலே தட்டையான பகுதியில் பூச்சை அப்படியே விட்டுவிடுவது. ஆனால் காடோடி மனசில் ஏற்கெனவே உரித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

முனை விஷயத்துக்கு வருகிறேன். டிராப் பாயின்ட் ஏன் வலுவாக இருக்கிறது என்றால் முதுகின் தடிப்பு முனை வரைக்கும் கூடவே வருகிறது. கிளிப் என்றால் அந்த முதுகை அரிவாள் போல வளைத்து வெட்டி எடுக்கிறீர்கள், வெட்டுவது சரியாக வலு இருக்கிற இடத்தில்தான். 6.3 மி.மீ. தடிப்பு என்பதால் கொஞ்சம் எடுத்தாலும் தாங்கும், அது உங்களுக்குச் சாதகம். நான் செய்வதாக இருந்தால் ஆழமான கிளிப் எடுக்கமாட்டேன். முதுகு இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து முனை வரை நேர்கோடாக 3, 4 மி.மீ. இறக்குவேன். முனை அலகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், துளைப்பதற்கும் கை நேராக நிற்கும். அதன் பிறகு முதுகின் இரண்டு பக்கமும் லேசாகச் சாய்வு தேய்த்துவிட்டால் முனையின் தடிப்பும் குறையும். அந்தச் சாய்வைக் கூராக்கவேண்டாம். கட்டையால் அடிக்கும்போது கட்டையைத் தின்றுவிடும், தவிர இரண்டு பக்கமும் கூர் உள்ள அலகைப் பல நாடுகளில் குத்துவாள் கணக்கில் சேர்த்துத் தனிச் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

அட்டையில் வெட்டிப் பாருங்கள். கத்தியை அட்டையில் வைத்து வரைந்து, நாலைந்து முனை வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். எஃகில் வெட்டினால் ஒட்ட முடியாது.

எந்த இடத்திலும் உள்பக்கம் கூர்மையான மூலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்கோடு வந்து திரும்புகிற இடத்தில் வட்ட அரம் போட்டு உருட்டிவிட வேண்டும். கெட்டியான எஃகில் அப்படி ஒரு மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும், அதுவும் குளிரில் அடிக்கும்போது. முதுகில் பல் பல்லாக வெட்டிவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று, வேலை தொடங்கும் முன் வாயை மழுக்கிவிடுங்கள். கல்லில் நேராக நாலு தடவை இழுத்தால் போதும். கூர் இருக்கிற கத்தியை வைஸில் மாட்டிக்கொண்டு அரம் போடுகிறவர்களின் கையில் தையல் போட்ட தழும்பு இருக்கும், என் கையிலும் இருக்கிறது.

காடோடி

அட்டையில் ஆறு வடிவம் வெட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நேர்கோடுதான் கையில் சரியாக நின்றது. ஆழமான கிளிப் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் முனை பக்கத்தில் வெறும் ஊசி மாதிரி, நம்பிக்கை வரவில்லை.

பூச்சு உரித்தாகிவிட்டது. முதலில் பிடித்தகடுகளின் திருகுகளைக் கழற்றிவிட்டேன், பெயின்ட் ரிமூவர் பட்டால் பிளாஸ்டிக் போய்விடும் என்று தெரியும். வெளியில் காற்றோட்டமான இடத்தில் வைத்து, நைட்ரைல் கையுறை போட்டு, ரிமூவரைத் தடிப்பாகப் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்தேன். பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரத்தில் கொப்புளம் வந்தது. மூன்று முறை பூசவேண்டியிருந்தது. பித்தளைத் தூரிகை போட்டுத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, அசிட்டோன் போட்டுத் துடைத்தேன்.

உள்ளே பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது. பளபளப்பான எஃகு இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக, அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கிறது. போலிக் கத்தியா இது? வெள்ளை வினிகரில் சோதித்துப் பார்க்க ஓரத்தில் தடவினேன், சில இடம் கறுத்தது, சில இடம் கறுக்கவே இல்லை.

தாளும் அரமும்

போலி இல்லை, பயப்படாதீர்கள். பூச்சுக்கு அடியில் எப்போதும் இப்படித்தான் இருக்கும், மூடப்போகிற பரப்பை யாரும் மெருகேற்ற மாட்டார்கள். நீங்கள் பார்ப்பது உலைச் செதிலும், அதற்கு அடியில் கார்பன் இழந்த மேல்தோலும். உலைச் சூட்டில் எஃகின் மேற்பரப்பில் உள்ள கார்பனைக் காற்று தின்றுவிடும், டீகார்ப் என்று சொல்வது அதைத்தான். அந்தத் தோலில் கார்பன் குறைவு, அதனால் சாதா இரும்பு மாதிரி நடந்துகொள்கிறது, அமிலத்தில் போட்டாலும் வெளுத்துத் தெரியும். அடியில் உள்ள கெட்டி எஃகு கறுக்கும். இந்தத் தோலோடு நீங்கள் அமிலத்தில் போட்டிருந்தால் சொறி பிடித்த மாதிரி வந்திருக்கும். சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்தது ரொம்ப நல்ல காரியம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் வடிவம், அப்புறம் வாய்க்குப் பின்னால் மெலிவு, அப்புறம் மேல்தோல் போகும் வரை தாள், அப்புறம் அமிலம், எல்லாம் முடிந்த பிறகு கூர். தாள் போடுவது சலிப்பான வேலைதான், ஆனால் கத்தி முகம் மாறுவது அங்கேதான். கத்தியை ஒரு பலகையில் படுக்கவைத்து, முனையும் பலகைக்குள்ளேயே இருக்கும்படி இறுக்குங்கள். தாளை விரலில் வைத்துத் தேய்க்காதீர்கள், கெட்டியான மரக்கட்டையில் அல்லது இரும்புப் பட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், விரல் என்றால் மேடும் பள்ளமுமாக வரும். 120 எண் குறுக்கே, குழிகள் மறைகிற வரைக்கும். அப்புறம் 220 சாய்வாக, 120 போட்ட கீறல் ஒன்றுகூட இல்லாமல் போகிறவரை. அப்புறம் 400 நீளவாக்கில். திசை மாற்றினால்தான் பழைய கீறல் மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். கொஞ்சம் டபிள்யூ.டி.40 எண்ணெய் விட்டுக்கொண்டால் தாள் அடைக்காது, தூசியும் பறக்காது. அமிலத்தில் போடப்போவதால் 400 போதும், 2000 வரை போகிறவர்கள் கண்ணாடி மெருகு வேண்டும் என்பவர்கள், அது முதல் விறகிலேயே போய்விடும்.

ஆழமாக இரண்டு மூன்று குழி மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். அதற்காக மொத்த அலகையும் மெலிய வைப்பது நஷ்டம்.

பழைய பட்டறை

பஃப் சக்கரத்தில் பிடிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டறையில் நான் பயப்படுகிற ஒரே இயந்திரம் அது. துணிச்சக்கரம் அலகைப் பிடுங்கி எறிந்தால் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லவே முடியாது.

காடோடி

ஒரு தப்பு பண்ணிவிட்டேன்.

முதுகு முழுக்க அரத்தில்தான் போட்டேன், இரண்டு நாள், மூன்றரை மி.மீ. இறங்கியது. கோடு வரைந்து, கோட்டுக்கு வெளியே நின்று, கடைசியில் அரத்தைக் குறுக்கே பிடித்து இழுத்துச் சமப்படுத்தி, எல்லாம் அழகாக வந்தது. இரண்டு பக்கமும் சாய்வு போடவேண்டும். ஒரு பக்கம் அரத்தில் போட்டு முடித்தபோது தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம் கொஞ்சம்தானே என்று கிரைண்டரில் உப்புத்தாள் தட்டு மாட்டி, தண்ணீர் வாளி பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டு எடுத்தேன். நடுவில் நன்றாகத்தான் போனது. முனைக்கு வந்ததும் ஒரே விநாடி, ஒரு தொடுகை அதிகம். தண்ணீரில் விடுவதற்குள் முனையில் நீலம் ஓடிவிட்டது. நீலம் ஏறக்குறைய 2 மி.மீ., அதற்குப் பின்னால் பழுப்பு ஒரு மி.மீ., அப்புறம் வைக்கோல் நிறம் மறைகிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. முனையை மட்டும் மறுபடி காய்ச்சித் தோய்க்கலாமா?

பழைய பட்டறை

தம்பி, வருத்தப்படாதீர்கள், இந்தக் கையில் எத்தனை முனை நீலமாகியிருக்கிறது என்று கணக்கு வைத்திருந்தால் ஒரு பெட்டி நிறையும். எஃகு மிச்சம் இருக்கிறது, கத்தியும் இருக்கிறது.

மறுபடி காய்ச்சவே வேண்டாம். 1095 தோய்ப்பதற்குப் பொல்லாத எஃகு. சூடான நிலையிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே ஒரு விநாடிக்குள் இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் கெட்டியாகாது. அதற்கென்று வேகமான எண்ணெய் வேண்டும், முனையை மட்டும் காய்ச்சினால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியில் பதம் இறங்கி, இப்போது 3 மி.மீ.யில் நிற்கிற சேதம் 3 செ.மீ. ஆகும். தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: பழுப்பு முடிகிற இடம் வரைக்கும், அதாவது 3 மி.மீ., முனையை அரத்தால் எடுத்துவிடுங்கள். வைக்கோல் நிறம் மட்டும் ஓடிய இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது முதல் பதச் சூட்டைத் தாண்டியிருந்தாலும் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். அரமே உங்களுக்குச் சொல்லும். நீலமான இடத்தில் வெண்ணெய் மாதிரி கடிக்கும், பதம் உள்ள இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறும், கிறீச்சென்று வழுக்கப் பார்க்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். 13 செ.மீ. அலகில் 3 மி.மீ. போனால் ஒன்றும் குறைந்துவிடாது. வாயின் வளைவை அதற்கேற்ப மேலே இழுத்து முனையோடு சேர்த்துவிடுங்கள்.

மிச்சச் சாய்வையும் அரத்திலேயே முடியுங்கள். இயந்திரத்தில் எடுத்தே ஆகவேண்டிய நாள் வந்தால் வெறுங்கையால் அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள், புது பெல்ட் போடுங்கள், மெதுவான வேகம். அலகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கட்டும், அது ஆவியாகத் தொடங்கினால் 100 டிகிரியை நெருங்குகிறது, வாளியில் விடுங்கள். மெல்லிய பகுதியை எப்போதும் கடைசியாக, கையால்.

காடோடி

3 மி.மீ. எடுத்தேன், அண்ணா. நீங்கள் சொன்ன அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்டது. சின்னக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ஈரக்காடு

அமிலத்துக்கு வருகிறீர்கள் என்றால் வினிகரா, பெர்ரிக் குளோரைடா என்று முடிவு பண்ணுங்கள். நான் இரண்டும் செய்திருக்கிறேன். வினிகர் என்றால் 5 சதவீத அசிட்டிக் அமிலம், சூடாக்கிக்கொண்டு, அலகை நிற்கவைத்து முழுக்க மூழ்கும்படி உயரமான கண்ணாடிக் குவளையில் 20, 30 நிமிடம். குமிழ்கள் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புள்ளியாக வெளுத்துவிடும், நடுநடுவே அசைத்துவிட வேண்டும். வெளியே எடுத்தால் கரி போல ஒரு படலம் இருக்கும், துடைத்தால் போய்விடும், அடியில் சாம்பல் நிறம் நிற்கும். மறுபடி விடுங்கள். மூன்றாவது தடவைக்கு நல்ல கருஞ்சாம்பல் வரும்.

பெர்ரிக் குளோரைடு மின்சுற்றுப் பலகை அரிக்கப் பயன்படுவது. ஒரு பங்குக்கு மூன்று, நாலு பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் பாத்திரம், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். நிறம் ஆழமாக, சமமாக வரும். ஆனால் தொட்டதெல்லாம் கறையாகும், கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினால் குழாயைத் தின்னும். கண்ணாடி, கையுறை இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

எதுவாக இருந்தாலும் எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தைக் கொல்லவேண்டும், பிறகு கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்தி, எண்ணெய். இந்தச் சோடாவைத் தவிர்த்தவர்கள் கத்தி ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறமாகிவிடும். குளிர் நீலப்பூச்சு என்று பாட்டிலில் வருவதை வாங்கவேண்டாம், அதில் பெரும்பாலும் செலினியம் சேர்மம் இருக்கிறது, சாப்பாட்டுப் பொருள் வெட்டுகிற கத்திக்கு ஆகாது.

தாளும் அரமும்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். விரல் ரேகைகூட அமிலத்தை நிறுத்திவிடும், ரேகை வடிவிலேயே வெள்ளையாகத் தெரியும். அசிட்டோனில் துடைத்த பிறகு அலகை விரலால் தொடவேண்டாம், கம்பியில் கட்டித் தூக்குங்கள்.

அமிலத்துக்குப் பிறகு கீறல் தெரியக்கூடாது என்றால் கல் உருட்டல் செய்யலாம். தடித்த பிளாஸ்டிக் ஜாடியில் சின்னக் கூழாங்கற்கள், கொஞ்சம் தண்ணீர், சோப்பு, கத்தி, மூடிவைத்துக் கால் மணி நேரம் உருட்டவேண்டியதுதான். கறுப்பு கொஞ்சம் தணிந்து கல் நிறமாகும், அதன் மேல் புதுக்கீறல் விழுந்தாலும் கலந்துவிடும், வேலைக் கத்திக்கு இதைவிட நல்ல மெருகு எனக்குத் தெரியாது. வாய்க்கு நாடா சுற்றிவிடுங்கள், முனைக்கும்.

காடோடி

முடிந்தது. பெர்ரிக் குளோரைடு, ஒன்றுக்கு நாலு, எட்டு நிமிடம். கூழாங்கல் ஜாடி இருபது நிமிடம். நனைந்த கருங்கல் மாதிரி ஒரு நிறம், வெயிலில் திருப்பினால் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். அடையாளமே தெரியவில்லை. பிடிக்குப் பக்கத்தில் இரண்டு பழைய குழி மிச்சம் இருக்கிறது, விட்டுவிட்டேன்.

வாய்க்குப் பின்னால் இப்போது 0.6, முனையை ஒட்டி 0.7 மி.மீ. கூர் கடைசியாகத்தான் போட்டேன், 400 கல், 1000 கல், பிசிறு போகத் தோலில் பத்து இழுப்பு. காய்ந்த குச்சி ஒன்றில் சீவினேன். சீவல் உடையவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு பூ மாதிரி நின்றது, கடைசியில் அதைப் பற்றவைக்கவே மனம் வரவில்லை. விறகும் பிளந்து பார்த்தேன், முடிச்சு உள்ள கட்டை, வாயில் மடிப்பும் இல்லை, சில்லும் இல்லை. மரத்தில் சிக்குவதும் குறைந்திருக்கிறது.

இரண்டு கேள்வி மிச்சம். ஃபெர்ரோ கம்பியை முதுகில் உரசினால் பொறி முன்னைவிட வருகிறது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. கல் உருட்டியதாலா? அப்புறம், கைடெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் உறையில் கத்தி லொடலொடவென்று ஆடுகிறது, தலைகீழாகப் பிடித்தால் நழுவுகிறது.

தாளும் அரமும்

கல் உருட்டியதால்தான். அமிலமும் கல்லும் முதுகின் விளிம்பை உருட்டிவிட்டன. ஃபெர்ரோ கம்பியில் பொறி வருவது கத்தியிலிருந்து இல்லை, கம்பியிலிருந்து சுரண்டி எடுத்த தூள்தான் காற்றில் பற்றுகிறது, அதனால் சுரண்டுகிற விளிம்பு சரியாக 90 டிகிரியில் கூர்மையாக நிற்கவேண்டும். முதுகின் நடுவில் 4 செ.மீ. நீளத்துக்கு மட்டும் அரத்தைக் குறுக்கே தட்டையாகப் பிடித்து ஏழெட்டு முறை இழுங்கள். நகத்தை வைத்துச் சுரண்டினால் நகம் தூளாக வரவேண்டும், அதுதான் அளவு. அந்த இடத்தில் மட்டும் வெள்ளை எஃகு தெரியும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

ஈரக்காடு

உறை ஆடுவது பூச்சின் தடிப்பு போனதால். பூச்சு இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் இடம் அடைத்துக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. கைடெக்ஸைச் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியில் பிடி நுழைகிற வாய்ப்பகுதியை மட்டும் இளக்கி, கத்தியை உள்ளே வைத்து, தடித்த துணி போட்டு ஆறும் வரை அழுத்திப் பிடியுங்கள். அலகில் ஒரு சுற்றுக் காகித நாடா ஒட்டிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் எடுக்கவே வராத அளவுக்கு இறுகிவிடும். உறையின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சு இருந்த வரைக்கும் அது அடைத்திருந்தாலும் பரவாயில்லை, இனிமேல் அடைக்கக்கூடாது.

காடோடி

துளையில் மண் அடைத்திருந்தது, குத்தி எடுத்துவிட்டேன். வாயை இளக்கி அழுத்தினேன், இப்போது டக்கென்று பூட்டுகிறது, தலைகீழாக ஆட்டினாலும் விழவில்லை. முதுகில் அரம் போட்ட இடத்தில் முதல் உரசலிலேயே பஞ்சு பற்றிக்கொண்டது.